கான்டினென்டல் கிராண்ட் பிரீ 5000: குமரிச் சாலைக்கு இந்த டயர் தாங்குமா?

ரேஸ் சைக்கிள் வாங்கியவர்கள் அடுத்ததாகத் தேடுவது தராசைத்தான். ஃபிரேம் எத்தனை கிராம், சீட் போஸ்ட் எத்தனை கிராம் என்று கணக்குப் போடுவார்கள். சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் பந்தய வண்டிக்கு 6.8 கிலோ என்று கீழ்வரம்பு வைத்தது. உள்ளூரில் வார இறுதியில் ஓட்டுகிறவரும் அந்த எண்ணைத் தொட்டே ஆகவேண்டும் என்று கார்பன் ஹேண்டில்பாருக்கும் டைட்டானியம் போல்ட்டுக்கும் காசைக் கொட்டுகிறார். ஆனால் வண்டியோடு வந்த தடித்த, கம்பி விளிம்பு டயர் அப்படியே கிடக்கும். அந்தக் காசில் ஒரு பங்கை டயரில் போட்டிருந்தால் வண்டி உண்மையிலேயே வேகம் பிடித்திருக்கும்.

சாலைப் பந்தயக்காரர்கள் டயர் என்றதும் சொல்லும் முதல் பெயர் கான்டினென்டல் கம்பெனியின் கிராண்ட் பிரீ 5000, சுருக்கமாக ஜிபி 5000. அதன் புகழுக்குக் குறைவில்லை. கேள்வி, ஜெர்மனியில் செய்த இந்த டயர் ஆரல்வாய்மொழிக் காற்றிலும், பேச்சிப்பாறைப் பக்கத்து ஈரத்திலும், முட்டம்–குளச்சல் கடற்கரை மணலிலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதே.

முதலில் டயரைப் பற்றி. டியூப் போட்டு ஓட்டும் சாதாரண ஜிபி 5000 வந்தது 2018 நவம்பரில். முந்தைய 4000 எஸ் 2 மாடலைவிட உருள்தடை (உருளும்போது டயரே விழுங்கிவிடும் சக்தி) 12 சதவீதம் குறைவு, பஞ்சர் தாங்கும் திறன் 20 சதவீதம் அதிகம் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. 25 மி.மீ. அகல டயர் ஏறத்தாழ 215 கிராம், 28 மி.மீ. 240 கிராமுக்குள் இருக்கும். விளிம்பில் இரும்புக் கம்பி கிடையாது. அதனால் மடித்துப் பெட்டியில் வைத்துத் தருகிறார்கள். சாலையைத் தொடும் ஓடுதளத்துக்கு அடியில் வெக்ட்ரான் என்ற இழையால் நெய்த ஒரு பட்டை ஓடுகிறது. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் காற்றுப்பைகளுக்குப் பயன்பட்டதும் இதே இழைதான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பட்டை இருப்பது ஓடுதளத்துக்கு அடியில் மட்டும். பக்கச்சுவரில் மெல்லிய துணியும் அதன்மேல் ஒரு ரப்பர் பூச்சும், அவ்வளவுதான். பின்னால் வரும் பாராட்டும் குறையும் பெரும்பாலும் இந்த ஒரே அமைப்பிலிருந்து வருபவை.

வேகக் கணக்கைப் பார்ப்போம். இரும்பு உருளையில் ஓட்டி அளக்கும் சோதனைகளில், மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் இந்த 25 மி.மீ. டயர் ஒன்று விழுங்குவது சுமார் 10 வாட். புதுவண்டியோடு வரும் தடித்த டயர்கள் அதே சோதனையில் ஏறத்தாழ இரட்டிப்பு விழுங்கும். இரண்டு சக்கரமும் சேர்த்தால் 15 முதல் 20 வாட் மிச்சம். 200 வாட் மிதிக்கும் ஒருவருக்குச் சமதளத்தில் மணிக்கு ஒரு கி.மீ. அளவுக்கு வேகம் கூடும். 40 கி.மீ. தனிநபர் ஓட்டத்தில் இரண்டு நிமிடத்துக்குப் பக்கம் வரும். இப்போது எடையைப் பாருங்கள். வண்டியும் ஆளும் சேர்த்து 80 கிலோ என்றால் 200 கிராம் குறைப்பதால் அரை மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது 4, 5 விநாடி. நம் மாவட்டத்திலோ அரை மணி நேரம் விடாமல் ஏறும் பொதுச்சாலையே அரிது! குலசேகரம் பக்கம் இருப்பதெல்லாம் ஏறி இறங்கி ஏறும் மேடுகள். ஆக, இந்த டயர் எடை குறைவாக இருப்பது உபரி லாபம்தான். உண்மையான சரக்கு அந்த நெகிழ்வான துணியும் ரப்பர் கலவையும்.

நாகர்கோவிலிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு என்று போகும் சாலை இந்த டயருக்குச் சரியான களம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலை இடுக்கில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு பாயும். அதை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. போகும்போது முதுகில் தள்ளும் காற்று திரும்பும்போது நெஞ்சில் அறையும். காற்றுத்தடைக்கு டயர் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. ஆனால் எதிர்காற்றில் 24 கி.மீ. வேகத்தில் முக்கிக்கொண்டு வரும்போது உருள்தடையில் மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் காலுக்குத் தெரியும். பக்கக்காற்று மாதங்களில் 50 மி.மீ. உயர ரிம்மை முன்னால் மாட்டி அங்கே போகாதீர்கள். டயர் எவ்வளவு பிடித்தாலும் ஹேண்டில் உங்கள் கையில் நிற்காது. காவல்கிணற்றைத் தாண்டிக் கிழக்கே ராதாபுரம் பக்கம் திரும்பினால் வேறு தொல்லை: சீமைக்கருவேல முள். ஓரத்தில் வெட்டிப் போட்ட கிளையிலிருந்து சிதறிய முள்ளுக்கு வெக்ட்ரானும் ஒன்றுதான், வெண்ணெயும் ஒன்றுதான். நெய்த இழைகளை விலக்கிக்கொண்டு ஊசிபோல நேராக இறங்கிவிடும். கண்ணாடித் துண்டை இந்தப் பட்டை நன்றாகவே தடுக்கிறது. முள்ளையும், லாரி டயர் வெடித்துச் சிதறும் மெல்லிய இரும்புக் கம்பியையும் தடுக்காது.

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை வட்டத்தில் சோதனை வேறு மாதிரி. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது. ரப்பர் தோட்ட நிழலில் சாலை சீக்கிரம் காயாது, ஓரத்தில் பாசி பிடித்துக்கொள்ளும். ஈரத் தாரில் இந்த டயரின் பிடிப்பு மிக நன்று. ஓடுதளம் வழவழவென்று இருக்கிறதே, வழுக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கார் டயர்போலத் தண்ணீர் வெளியேற வாய்க்கால் சைக்கிளுக்குத் தேவையில்லை. தரையைத் தொடும் பகுதி விரல் அகலம்தான், அழுத்தமோ அதிகம். தண்ணீர் தானே விலகிவிடும். வழுக்க வைப்பது பாசி, வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, உதிர்ந்த ரப்பர் இலை. இவற்றின்மேல் எந்த டயரும் ஒன்றுதான். ஈரத்தில் கவனிக்கவேண்டியது இன்னொன்று: நனைந்த ரப்பரைக் கண்ணாடி எளிதாக அறுக்கும். சைக்கிள் கடையில் ரப்பரை நறுக்கும்போது கத்தியில் தண்ணீர் தொட்டுக்கொள்வார்களே, அதே காரணம்தான். மழைநாளில் பஞ்சர் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடற்கரைச் சாலையில்தான் இந்த டயருக்கு மதிப்பெண் குறைகிறது. முட்டத்திலிருந்து மணவாளக்குறிச்சி வழியாகக் குளச்சல் போகும் வழியில் காற்று மணலைத் தூக்கிச் சாலையில் போடும். மணவாளக்குறிச்சி மணல் சாதாரண மணல் இல்லை. இல்மனைட், மோனசைட்டோடு கார்னெட்டும் கலந்தது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். அது பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டால் ரிம்மை ராவும். வீடுகளும் கடைகளும் நெருங்கிய குறுகிய சாலையில் ஓரம் ஒதுங்கும்போது உடைந்த தார் விளிம்பு டயரின் பக்கச்சுவரில் உரசும். மெல்லிய பக்கச்சுவருக்கு ஆகாத இடம் அதுதான். ஓடுதளத்தில் பாதிகூடத் தேயாத டயர் பக்கவாட்டுக் கிழிசலால் குப்பைக்குப் போகும்போதுதான் வயிறு எரியும். தினமும் அந்த வழியில் பயிற்சி ஓட்டுபவர் இதை வாங்காமல் இருப்பது நல்லது. அதே கம்பெனியின் கிராண்ட் பிரீ 4-சீசனில் வெக்ட்ரான் பட்டை இரண்டு அடுக்கு, பக்கச்சுவருக்கும் தனிக் காப்புத்துணி உண்டு. உருள்தடை கூடும், மனநிம்மதியும் கூடும்.

மாட்டும் விதத்துக்கு வருவோம். புது ஜிபி 5000 சில ரிம்களில் இறுக்கமாக உட்காரும். கைவலிக்குப் பயந்து பஞ்சர் கடை இரும்புக் கரண்டியை வாங்கி நெம்பினால் டியூப் கிழியும், கார்பன் ரிம்மாக இருந்தால் ரிம்மே தெறிக்கும். பிளாஸ்டிக் டயர் லீவர் போதும். முதலில் ரிம் டேப்பை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்போக் துளைமேல் விலகியிருந்தால் அன்றைக்கே பஞ்சர். டயரின் ஒரு பக்க விளிம்பை முழுவதும் ரிம்முக்குள் போட்டுவிட்டு, டியூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். இரண்டாவது விளிம்பை வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி இரண்டு கையாலும் இருபுறமும் ஏற்றிக்கொண்டே வந்து வால்விடம் முடிக்கவேண்டும். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு டயரைத் திட்டுகிறார்கள். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஏற்கெனவே உள்ளே போன விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் கடைசி நாலு விரற்கடைக்குத் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பால் பள்ளத்தில் இறங்க முடியாது, அதனால்தான் அந்த இடம் கடைசி. முடியும் தறுவாயில் இறுகினால், எதிர்ப்புறத்திலிருந்து உள்ளங்கையால் டயரைக் கிள்ளிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வாருங்கள். ஒரு சென்டிமீட்டர் தளர்வு கிடைத்துவிடும். டியூபில் இருக்கும் கொஞ்சக் காற்றையும் அப்போது விட்டுவிடலாம்.

மாட்டியதும் வால்வை உள்ளே ஒருமுறை அமுக்கி இழுங்கள். விளிம்புக்கு அடியில் டியூப் மாட்டியிருந்தால் விடுபடும். இரண்டு பக்கமும் டயரை விரலால் விலக்கிச் சுற்றிலும் பாருங்கள், டியூபின் கறுப்பு எங்கேயும் எட்டிப்பார்க்கக் கூடாது. பிறகு 30 பிஎஸ்ஐ அடித்துச் சக்கரத்தைச் சுழற்றி, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முழுக் காற்று. ஓர் இடத்தில் கோடு தாழ்ந்திருந்தால் காற்றை விட்டு, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடித்தால் படாரென்று ஏறி உட்காரும்.

காற்றழுத்தத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பக்கச்சுவரில் அச்சடித்திருப்பது உச்சவரம்பு, அதுவரை அடிக்கச் சொல்லும் கட்டளை இல்லை. உருளைச் சோதனையில் அழுத்தம் ஏற ஏறத் தடை குறையும். நம் சாலையில் அப்படி இல்லை. ஒட்டுப் போட்ட தாரில் இறுக்கமான டயர் துள்ளும், துள்ளும்போது போகிற சக்தி உங்கள் உடம்பை ஆட்டவே செலவாகும். 65–70 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் முன்னே 80, பின்னே 85 பிஎஸ்ஐ. 28 மி.மீ. என்றால் முன்னே 65, பின்னே 70. 80 கிலோவுக்கு மேல் என்றால் 5 முதல் 8 கூட்டுங்கள். மழைநாளில் 5 குறையுங்கள். கன்னியாகுமரியில் விடியலில் அடித்த காற்று வெயிலில் கூடும் என்பதும் உண்மைதான். வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுமார் 3 பிஎஸ்ஐ கூடும், பயப்படும் அளவுக்கு இல்லை. அளவுக்கு மேல் குறைத்தால் பள்ளத்தில் விழும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரண்டு இணை வெட்டு விழும். பாம்புக்கடி என்று சொல்வது அதைத்தான். டியூபில் இரட்டை வெட்டைப் பார்த்தால் டயரைக் குறை சொல்லாமல் பம்பு மீட்டரைப் பாருங்கள்.

25-ஆ 28-ஆ என்றால், ஃபிரேம் இடம்கொடுத்தால் 28. தயங்கவேண்டாம். ஆனால் முதலில் அளந்துவிடுங்கள். அகல ரிம்மில் மாட்டினால் டயர் அச்சிட்ட அளவைவிட விரியும். பழைய ரிம் பிரேக் ஃபிரேம்களில் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே 3, 4 மி.மீ. இடைவெளி இல்லையென்றால், ஈரமணல் ஒட்டிக்கொண்டு ஃபிரேமின் பெயிண்ட்டைச் சுரண்டும்.

டியூபைப் பற்றிப் பேசாமல் இந்த டயரைப் பற்றிப் பேச முடியாது. சாதாரண பியூட்டைல் டியூப் ஒன்று 100 கிராம் வரும். அது பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பர், காற்றை நன்றாகப் பிடித்துவைக்கும். பந்தயத்துக்கு லேடெக்ஸ் டியூப் போடுகிறார்கள். அதாவது நம் குலசேகரத்துத் தோட்டத்தில் விடியற்காலம் சிரட்டையில் வடிகிற அதே ரப்பர் பால்! மென்மையாக நீள்வதால் டயருக்கு இரண்டு, மூன்று வாட் மிச்சமாகும். சிறு முள்ளைச் சுற்றி வளைந்து தப்பிக்கவும் செய்யும். ஆனால் காற்று அதன் வழியே கசியும். ராத்திரி அடித்தால் காலையில் கணிசமாக இறங்கியிருக்கும், தினமும் பம்பு பிடிக்கவேண்டும். எண்ணெயும் கிரீஸும் பட்டால் கெட்டுவிடும், செயின் எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். ரிம் பிரேக் போட்ட கார்பன் சக்கரத்தில் இதைப் போடுவது ஆபத்து. நீண்ட இறக்கத்தில் ரிம் கொதித்தால் வெடிக்கும். டிபியு என்ற பிளாஸ்டிக் வகை டியூப் 35–40 கிராம்தான், மடித்தால் தீப்பெட்டி அளவு. சூட்டுக்குப் பயம் இதற்கும் உண்டு. பஞ்சர் சொல்யூஷன் இதில் ஒட்டாது. அதற்கென்று வரும் ஒட்டுத்தாள் தனி, வாங்கிக் கையில் வைத்திருக்கவேண்டும்.

வழியில் பஞ்சர் ஆனால்? நம் ஊர்ப் பஞ்சர் கடை அண்ணனிடம் ரேஸ் சைக்கிள் டியூபின் ஒல்லியான பிரெஸ்டா வால்வைக் காட்டினால், "இதுல காத்து எப்பிடி மக்கா அடிக்க?" என்று திருப்பிக் கேட்பார். தப்பு அவர்மேல் இல்லை. அவரிடம் இருப்பது வால்டியூப் சைக்கிளுக்கும் பைக்குக்குமான பம்பு முனை. அதற்காக வால்வில் திருகும் ஒரு பித்தளை அடாப்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முனையிலுள்ள குட்டி நட்டைத் தளர்த்திய பிறகே அடாப்டர், இல்லையென்றால் காற்று ஏறாது. பைக் டியூபுக்குச் சூடு வைத்து ஒட்டும் இயந்திரத்தில் இந்த மெல்லிய டியூபைக் கொடுத்துவிடாதீர்கள், சுருங்கி வீணாகும். கையால் ஒட்டுவதே நல்லது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு போகும்வரை ஐந்து நிமிடம் காயவிட்டுப் பேட்ச் வைத்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் முக்கால்வாசிப் பேட்ச் கழன்றுபோகிறது. புது டியூப் போடும் முன்னால் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். முள்முனை அங்கேயே நிற்கும், துணியில் சிக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

பக்கச்சுவர் கிழிந்தால் அந்த ஓட்டையில் டியூப் குமிழ்போலப் பிதுங்கி வெடிக்கும். வீடு போய்ச் சேர, காலியான பால் கவரை நாலாக மடித்துக் கிழிசலுக்கும் டியூபுக்கும் நடுவே வைத்து, காற்றை 20 பிஎஸ்ஐ குறைத்து அடித்து மெதுவாக ஓட்டலாம். அதோடு அந்த டயருக்கு விடைகொடுத்துவிடுங்கள்.

தேய்மானம்: ஓடுதளத்தில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். அவை மறைந்தால் மாற்றவேண்டும், ஊகிக்கவேண்டியதே இல்லை. பின் டயர் 3,000 முதல் 5,000 கி.மீ. வரை ஓடும், முன் டயர் அதைவிட நெடுநாள். பின் டயர் தேய்ந்தால் முன்னே இருப்பதைப் பின்னே போட்டு, புதியதை முன்னே மாட்டுங்கள். தேய்ந்ததை முன்னே கொண்டுவந்து மிச்சம் பிடிக்காதீர்கள். பின்னே வெடித்தால் வண்டி ஆடும், முன்னே வெடித்தால் ஆளே விழுவார். வாரத்துக்கு ஒருமுறை காற்றை இறக்கி, ஓடுதள வெட்டுகளில் ஒளிந்திருக்கும் கண்ணாடிப் பொடியை ஊக்கு முனையால் கிளறி எடுங்கள். இன்று மேல்தோலில் இருக்கும் துண்டு அடுத்த வாரம் பட்டையைத் தாண்டிவிடும்.

டியூப் இல்லாமல் ஓட்டும் எஸ் டிஆர் மாடல் 2021-இல் வந்தது. 28 மி.மீ. சுமார் 280 கிராம். டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி உள்ளே இல்லாத வகை ரிம்மில் போட்டால் 5 பார், அதாவது சுமார் 73 பிஎஸ்ஐ, தாண்டக் கூடாது. முள்ளுக்கு உண்மையான மருந்து உள்ளே ஊற்றும் சீலன்ட் என்ற ஓட்டை அடைக்கும் திரவம்தான். ஆனால் நம் வெப்பத்தில் அது இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்து ஒட்டுப்பால்போல் உருண்டுவிடும். நினைவாக ஊற்றிக்கொண்டே இருப்பவருக்கு மட்டும் அது லாபம்.

விலை, சாதாரண ரேஸ் சைக்கிள் டயரைப்போலப் பல மடங்கு. நம்பமுடியாத தள்ளுபடியில் இணையத்தில் வந்தால் போலியாக இருக்கலாம், விலகிப்போங்கள். ஒரே ஒரு ஜோடிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இப்படிச் செய்யலாம். பந்தயத்துக்கும், காலை ஆரல்வாய்மொழி ஓட்டத்துக்கும் ஜிபி 5000, 28 மி.மீ. ஜூன் மழை தொடங்கியதும் கழற்றி வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மோட்டார் பக்கத்தில் வேண்டாம், அது கிளப்பும் ஓசோன் ரப்பரில் விரிசல் விழ வைக்கும். மழை முடியும்வரை பழைய தடித்த டயரே ஓடட்டும். வாங்கும்போது வால்வு நீளத்தையும் பார்த்துவிடுங்கள்: 30 மி.மீ. உயர ரிம்முக்கு 48 மி.மீ. வால்வு போதும், 50 மி.மீ. ரிம்முக்கு 80 வேண்டும்.